வாங்க நெடுங்கேந்தலுக்கு

நெடுங்கேந்தல், அக்கா. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். முதுகுளத்தூர் பக்கம் சின்ன ஊர்.

கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போனிலா? ‘வாங்க நெடுங்கேந்தலுக்கு’ என்று வருமே, அதுவா? களம் முழுக்கச் சிவப்பாக மிளகாய் காயும், ஒரு பெண் சிரித்துக்கொண்டே பேசும். அதேதான். அந்தப் பெண் என் அண்ணி. என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. நீலாயதாட்சி என்று பெயர், நாங்கள் நீலா அண்ணி என்போம். அவள் அப்பா வீட்டுக்குத்தான் போய்விட்டு வருகிறேன். திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது.

நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. பரமக்குடிக்குக் காலேஜ் போய்வந்த காலத்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டால் செருப்பைத்தான் சொல்வேன். முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். இன்றைக்கு என்னவோ பேச வருகிறது. நீங்கள் காரைக்குடியில்தானே இறங்குவீர்கள்? தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

போனில் வருகிற அந்த வீடியோப் பக்கத்தை நடத்துவது நான்தான். நம்ப முடியவில்லை, இல்லையா? என் முகம் அதில் வராது. குரலும் வராது. எங்கள் ஊரிலும் சுற்று ஊர்களிலும் மிளகாய் போடுகிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு உழவர் கம்பெனி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தலைவர் பூமிநாதன், எங்களுக்கு மாமா முறை. நான் பி.காம். முடித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூப்பிட்டார்.

“காளி, நீ நல்லா படம் புடிக்கிறியாம்ல. நம்ம ஊரை நாலு பேரு பாக்குற மாதிரி போடு. வெளியூரு யாவாரி வரணும். மசாலாக் கம்பெனி ஒண்ணு இங்க வந்து ஒக்காரணும். நம்ம பயலுக திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஓடாம இருக்கணும்.”

சரி மாமா என்றேன். எழுந்து போகப் போனேன்.

“ஒண்ணு கேட்டுக்க. தண்ணிக் கஷ்டத்தக் காட்டிராத. வறட்சியக் காட்டுனா நிவாரணந்தான் வரும். தொழில் வராது.”

எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். நான் படித்த படிப்பில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பூமிக்குள் இருப்பதெல்லாம் உப்பு. மழை பெய்தால் கண்மாயில் தை, மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். அப்புறம் வறண்ட கண்மாய்க்குள்ளேயே ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். குடங்களை வைத்துத் தள்ளிவர ஒரு வண்டி இருக்கிறது. நாலு சக்கரம் போட்டு, மேலே குடம் உட்காரக் குழி வைத்திருக்கும். எங்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் சீரோடு அந்த வண்டியும் போகும். பீரோ இல்லாமல் போகலாம், வண்டி இல்லாமல் போக முடியாது.

அதனால் எங்கே நின்று வீடியோ எடுத்தாலும் ஓரத்தில் ஒரு குடம் வந்துவிடும். “சின்னம்மா, குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்களேன்” என்பேன். இருளாயி சின்னம்மாவுக்குக் கோபம் வரும்.

“ஏத்தா, எங்க கொடம் ஒன் போனைக் கடிச்சா வைக்கும்?”

“பாக்குறதுக்கு நல்லா இருக்காது சின்னம்மா.”

“தூக்குறதுக்கு மட்டும் நல்லாவா இருக்கு?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனாலும் தள்ளி வைப்பார்கள், நல்ல மனுஷிகள்.

கண்மாயில் தண்ணீர் நிற்கும்போதே விதவிதமாக எடுத்து வைத்துக்கொள்வேன். காலை வெயில், மாலை வெயில், கொக்கு வருவது, மாடு குளிப்பது. வருஷம் பூராவும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். பொய் இல்லை அக்கா. அது எங்கள் கண்மாய்த் தண்ணீர்தான். மாதத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பலன் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து யாவாரிகள் வந்தார்கள். ஒரு மசாலாக் கம்பெனி விசாரித்தது. தலைவர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனிமேல்தான் அண்ணி வருகிறாள்.

என் அண்ணன் சேதுபாண்டிக்குப் பெண் கிடைக்கவில்லை. ஆள் நல்ல ஆள். லோடு வண்டி வைத்திருக்கிறான், குடி கிடையாது. ஆனால் எங்கள் பக்கம் கல்யாணம் பேசினால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். அது முறை. வந்து உட்கார்ந்ததும் செம்பில் தண்ணீர் கொடுப்போம். ஒரு வாய் குடிப்பார்கள். செம்பைக் கீழே வைப்பார்கள். அவ்வளவுதான், முடிந்தது. காபியெல்லாம் சும்மா மரியாதைக்குக் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருதரம் அம்மா முன்னாடியே கேன் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டாள். எல்லோரும் நன்றாகக் குடித்தார்கள். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கூட வந்த ஒரு பெரியம்மா மட்டும் கால் கழுவுகிறேன் என்று கொல்லைக்குப் போனாள். போனவள் வாயும் கொப்பளித்துவிட்டாள்.

இப்படியே அண்ணனுக்கு முன்மண்டையில் வழுக்கை ஏறிவிட்டது.

நடேசன் என்று ஒருத்தர் எங்கள் பக்கத்தைத் தினமும் பார்ப்பார். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ‘அருமை’, ‘வாழ்க உழவு’ என்று போடுவார். வருஷ மிளகாய் எங்களிடம்தான் வாங்கினார். அப்படியே பேச்சுவாக்கில், பேச்சென்ன, எழுத்தில்தான், எனக்கு எழுதுவதென்றால் கூச்சம் இல்லை, நாங்களும் அவர்களும் ஒரே ஆட்கள் என்று தெரிந்தது. அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்தது. அண்ணன் போட்டோவை நான்தான் அனுப்பினேன்.

இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. போனில் அம்மா, “ஒரு தடவ வந்து வீட்டப் பாத்துருங்க” என்று இழுத்தாள். முறைக்காகச் சொன்னாள். நான் அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அந்தப் பக்கம் அவரே சிரித்தார்.

“என்னத்துக்கு சம்பந்தி? ஒங்க ஊரத்தான் தெனம் பாக்குறனே. ஒங்க வீட்டுக் கொல்லையில எத்தன செம்பருத்தின்னு சொல்லவா? கண்மாய்த் தண்ணி அப்படியே கண்ணாடியால்ல நிக்கிது.”

வீடு பார்க்க யாரும் வராமலே எங்கள் ஊர்ப் பையனுக்கு நடந்த முதல் கல்யாணம் அதுதான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

தையில் கல்யாணம், பெண் வீட்டில். சீரோடு வாஷிங் மெஷின் வந்தது. இறக்கும்போது இருளாயி சின்னம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “இது எத்தன கொடம் குடிக்கும்?” என்று கேட்டாள். மூடியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட நாங்கள் பிரிக்கவில்லை. இப்போதும் அப்படியே நிற்கிறது.

அண்ணி வயதில் என்னைவிடச் சின்னவள். எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்க மாட்டோம், அவள் சிரித்தால் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் வாரம் களத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் மிளகாய் உருண்டையாக இருக்கும். “இவ்வளவு குட்டியா இருக்கு, இதுல என்ன காரம் இருக்கப்போவுது?” என்று ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, மூக்கெல்லாம் சிவந்துவிட்டது, சிரிப்பை மட்டும் நிறுத்த முடியவில்லை. “அடிப்பாவி, தண்ணி குடு காளி” என்கிறாள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அதைப் போட்டேன். அன்றைக்கு என் போன் சூடாகிவிட்டது அக்கா, அவ்வளவு பேர் பார்த்தார்கள்.

தலைவர் வீட்டுக்கே வந்தார். “இனிமே அண்ணிதான் நம்ம ஊருக்கு மொகம்” என்றார். அண்ணிக்கும் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காமலா சிரித்தாள்? எனக்கும் அது எவ்வளவு வசதி தெரியுமா? நான் சொல்ல நினைத்ததெல்லாம் அவள் வாயால் வந்தது. நான் போனுக்குப் பின்னால் இருந்தால் போதும்.

பங்குனியில் கண்மாய் வற்றியது. புதுசாக ஒன்றும் இல்லை, எல்லா வருஷமும் நடப்பதுதான். அவளுக்குத்தான் புதுசு. “தண்ணி எங்க போச்சு?” என்று என்னைக் கேட்டாள், ஏதோ நான் எடுத்து ஒளித்துவைத்த மாதிரி. அவளுக்குச் சீரில் வண்டி வரவில்லை இல்லையா, அம்மாவின் வண்டியைத்தான் தள்ளினாள். பழக்கம் இல்லாத கை. முதல் நாளே உள்ளங்கையில் கொப்புளம் கட்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியில். நானா? நான் தள்ளுவேன், தள்ள மாட்டேன் என்றில்லை. ஆனால் மசாலாக் கம்பெனிக்காரர்கள் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். தினம் ஒன்று போட வேண்டும். எடுக்கிற வேலையைவிட வெட்டி ஒட்டுகிற வேலை பெரியது, உங்களுக்குத் தெரியாது.

காலையில் ஊற்றுக்குப் போய்விட்டு வருவாள். முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, எனக்காக வந்து நிற்பாள். பழைய கண்மாய் வீடியோவோடு அவள் பேசுவதைச் சேர்ப்பேன். உள்ளங்கை தெரியாமல் எடுப்பேன்.

ஒருநாள் அவள் அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “இங்க ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா” என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் வேண்டுமென்று கேட்கவில்லை. அவர் சொன்னார்: “தெனம் பாக்குறேனேடா தங்கம், நல்லாத்தான இருக்க. புதுசுல அப்படித்தான் தோணும்.” அண்ணி அதோடு போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“காளி, நான் வண்டி தள்ளுறத ஒரே ஒரு தடவ எடுத்துப் போடேன். எங்கப்பா பாக்கட்டும்.”

“அண்ணி, அது வந்து...”

“நான் சொன்னா நம்ப மாட்டேங்குறார். நீ போட்டா நம்புவார்.”

தலைவரிடம் போய்க் கேட்டேன். கேட்காமல் இருக்கவில்லை. அவர் யோசித்துவிட்டு நியாயமாகத்தான் சொன்னார். “கம்பெனி வந்துட்டா அவனே குழாய் போட்டுத் தண்ணியக் கொண்டாந்துருவான். அப்பறம் ஒங்க அண்ணி என்னத்துக்கு வண்டி தள்ளப்போறா? இப்பப் போயி அதப் போட்டு, வாரவனையும் ஓட்டிவிட்டுறாத.” அதையே அண்ணியிடம் சொன்னேன். “சரி காளி” என்றாள். சரி என்றுதான் சொன்னாள் அக்கா. இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் எடுத்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

அப்போது அவளுக்கு மூன்று மாதம். வண்டி தள்ளாதே என்று அம்மா சொன்னாள். சொன்னாள், ஆனால் குடத்தில் தண்ணீர் வேண்டுமே. அன்றைக்குக் காலையில் நான் பரமக்குடிக்குப் போய்விட்டேன், மசாலாக் கம்பெனிக்காரர்களுக்குப் படம் காட்ட. அண்ணி ஊற்றிலிருந்து வரும் வழியில் வண்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாளாம். எங்கள் ஊரில் தண்ணீரை யாரும் கீழே கொட்ட மாட்டார்கள். சண்டையில்கூடக் குடத்தைத் தொட மாட்டார்கள். அன்றைக்கு இருளாயி சின்னம்மாதான் முதலில் கொட்டினாளாம். எல்லாக் குடத்தையும் ரோட்டில் கவிழ்த்துவிட்டு, அண்ணியை அந்த வண்டியிலேயே உட்காரவைத்து, நாலு பெண்கள் மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கிருந்து பால் வேனில் ஆஸ்பத்திரிக்கு.

தங்கவில்லை.

வண்டி தள்ளியதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. முதல் மூன்று மாதத்தில் யாருக்கும் இப்படி ஆகலாம் என்றுதான் சொன்னார். ஊர்தான் வேறு மாதிரி பேசியது.

அன்றைக்கு இன்னொன்று நடந்தது. வீடியோவை முதல் நாளே ஏற்றி நேரம் குறித்து வைத்துவிடுவேன், அது பாட்டுக்குப் போய்விடும். செய்தி கேட்டு நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடிய பதற்றத்தில் அது ஞாபகமே இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து அவள் அப்பாவுக்குப் போன் செய்தபோது அவருக்குப் பிடிபடவே இல்லை. “இல்லியே மாப்ள, இப்பத்தான வீடியோவுல வந்தா. சிரிச்சுக்கிட்டு வாங்க வாங்கன்னு கூப்புட்டாளே” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அண்ணன் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசவில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குப் போவதை நான் எப்படி நிறுத்த முடியும், சொல்லுங்கள்? நிறுத்தலாம்தான். ஞாபகம் இருந்தால் நிறுத்தலாம்.

மறுநாள் அண்ணியின் அப்பா வந்தார். முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் வருகிறார். அம்மா அழுதுகொண்டே செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கேன் வாங்கி வைக்க யாருக்கு நினைப்பிருந்தது? ஒரு வாய் குடித்தார். செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கட்டிலில் படுத்திருந்த பெண்ணைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மீதித் தண்ணீரையும் முழுசாகக் குடித்து முடித்தார். கார் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அது சித்திரையில். இப்போது ஆடி. அண்ணி திரும்பி வரவில்லை. அண்ணன் கூப்பிடப் போகவும் இல்லை. “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?” என்று அம்மாவிடம் சொன்னானாம். வீடியோப் பக்கத்தில் எல்லோரும் ‘அண்ணி எங்கே, அண்ணி எங்கே’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த வாரம் மசாலாக் கம்பெனி முதலாளியே நேரில் வருகிறார். தலைவர் சொன்னார், “ரெண்டு நாளைக்குக் கூட்டியாந்து ஒரு வீடியோ மட்டும் எடுத்துட்டு விட்டுரு காளி.” நான் அதற்காகப் போகவில்லை. அண்ணனுக்காகப் போனேன். தலைவரும் சொன்னார், அவ்வளவுதான்.

அண்ணி என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்து, “முதல்ல சாப்புடு” என்று இலை போட்டாள். கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். எங்கள் வீட்டில் இருந்ததைவிடக் கன்னம் வைத்திருக்கிறது. உள்ளங்கை ஆறிவிட்டது. நான் பார்த்தேன்.

“கம்பெனி வரப்போவுது அண்ணி. தண்ணி வந்துரும்” என்றேன்.

“வரட்டும் காளி. நல்லா வரட்டும். இருளாயி சின்னம்மாவுக்காவது வரட்டும்.”

“அண்ணன் சாப்பிடவே மாட்டேங்குறான்.”

அவள் எனக்கு மோர் ஊற்றினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கு ஒண்ணு செய்யிறியா? அந்தப் பக்கத்துல இருந்து என்னைய எடுத்துடு. நான் வர்ற எல்லாத்தையும்.”

அவளை எடுத்துவிட்டால் அதில் என்ன மிச்சம் இருக்கும்?

அவள் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். அவள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. கையில் போன். எங்கள் பக்கம்தான் ஓடுகிறது, அண்ணியின் குரல் கேட்கிறது. நிறுத்துகிறார், பின்னால் தள்ளுகிறார், மறுபடி போடுகிறார், கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோகிறார்.

“காலையில எழுந்தா இதான் வேல. எந்த வீடியோவுல என் மொகம் வாடியிருக்குன்னு தேடுறார். ‘எங்கயாவது தெரிஞ்சிருக்கும்டா, நான்தான் சரியாப் பாக்காம வுட்டுட்டேன்’னு சொல்லிச் சொல்லித் தேடுறார். தெரியாதுப்பான்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறார்.” அண்ணி அழவில்லை. “நீ நல்லா எடுப்ப காளி. அதுல ஒண்ணும் தெரியாது.”

செய்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அண்ணி பஸ் ஏற்றிவிட வந்தாள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. பஸ் எடுக்கும்வரை நின்று கையை ஆட்டினாள்.

தஞ்சாவூரில் இந்த பஸ் ஏறி உட்கார்ந்ததும் அழிக்க ஆரம்பித்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக, நிஜமாகவே அழிக்கவா என்று அது வேறு கேட்கும். ஆமாம், ஆமாம் என்று கொடுத்துக்கொண்டே வந்தேன். தலைவர் என்னைக் கொன்றுபோடுவார். போகட்டும். புதுக்கோட்டை வருவதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

ஒன்றைத் தவிர. அந்த முதல் வாரத்து வீடியோ, களத்தில் எடுத்தது. அதை அழிக்க வேண்டிய அவசியம் என்ன? அது வெட்டி ஒட்டியது இல்லை. நான் சிரிக்கச் சொல்லிச் சிரித்தது இல்லை. அதுவும் போய்விட்டால் எங்கள் வீட்டில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதற்கு வேறெங்கே என்ன இருக்கிறது?

சற்று முன்னால் போன் அதிர்ந்ததே, அது அண்ணிதான். படிக்கிறேன் பாருங்கள். ‘இன்னும் ஒண்ணு இருக்கு காளி. அப்பா இப்ப அதைத்தான் பார்த்துட்டிருக்கார்.’

பதில் போடவில்லை. போட வேண்டும். ஊர் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும், காலையில் போட்டுக்கொள்ளலாம். அதைப் பார்த்தால் அவருக்கும் ஆறுதலாகத்தானே இருக்கும்? நிஜமான சிரிப்பைத்தானே பார்க்கிறார்?

காரைக்குடி இன்னும் வரவில்லை, இருங்கள். நீங்கள் வெளியாள், உங்களுக்குச் சரியாகத் தெரியும். அந்த வீடியோவைப் போட்டு, போன் வெளிச்சத்தைக் கூட்டி வைக்கிறேன், வேண்டுமானால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நீங்களே சொல்லுங்கள் அக்கா. இந்த முகத்தில் எங்கேயாவது வாட்டம் தெரிகிறதா?